18 நிமிஷ ஆட்டம், மூன்று மணி நேரக் கூத்து

மதியம் 2 மணி. ஆட்டம் தொடங்க இன்னும் ஐந்து மணி நேரம் கிடக்கிறது. மேலே மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தப் பக்கம் வேண்டாம், வாங்க, சத்தம் போடாமல் படி இறங்கி உள்ளறைக்குப் போவோம். அங்கே ஒருத்தர் பெட்டி பெட்டியாகப் பந்துகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, சோப்புக் கட்டியைத் தேய்க்கிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருக்கிறார். கையில் இருப்பது சோப்பு இல்லை. சேறு!

நிஜமாகவே சேறுதான். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு பந்துகூடச் சேறு பூசிக்கொள்ளாமல் ஆட்டத்துக்குள் வராது. புதுப் பந்தின் தோல் வழவழவென்று இருக்கும். அப்படியே கொடுத்தால் பந்தெறிகிற பிட்சரின் விரலிலிருந்து வழுக்கி, பேட்டரின் மண்டையைப் பார்த்துப் போய்விடும். அந்தக் காலத்தில் புகையிலைச் சாறு, ஷூ பாலிஷ் என்று என்னென்னவோ பூசிப் பார்த்தார்கள். 1938 வாக்கில் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர், நியூ ஜெர்சி பக்கத்தில் டெலவேர் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடைக்கரையில் இந்தச் சேற்றைப் பிடித்தார். (லீனா என்றதும் சேலை கட்டி யோசிக்காதீர்கள். மனிதர் முன்னாள் ஆட்டக்காரர், ஆண்.) இன்றைக்கும் அதே சேறு. எந்த இடத்தில் அள்ளுகிறார்கள் என்பது மட்டும் பரம ரகசியம். 2024-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதனைக்கூடத்துக்கே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பூசும்போது முகக் கிரீம் மாதிரி பரவுகிறதாம், காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரி பிடிக்கிறதாம். பந்து உருட்டுகிறவருக்கு இது முன்னமே தெரியும், அவர் ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பந்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். சிவப்பு நூலில் இரட்டைத் தையல். எண்ணினால் 108! இதை முதலில் படித்த அன்று எனக்குப் புல்லரித்தது. கோஸ்டா ரிகாவில் துரியால்பா என்ற ஊரில் உட்கார்ந்து கையாலேயே இதைத் தைக்கிறவர்களுக்கும் நம் அஷ்டோத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் 108 என்றால் 108 இல்லையா! 2024 செப்டம்பர் 19 அன்று மயாமியில் ஷோஹேய் ஒட்டானி, ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 ஸ்டீல் (பேஸ் திருட்டு) என்ற இரண்டையும் தொட்ட முதல் ஆள் ஆனார். அன்று அவர் அடித்துப் பார்வையாளர் பக்கம் பறந்த அந்த 50-ஆவது ஹோம் ரன் பந்தும் இதே 108 தையல், இதே சேறுதான். ஏலத்தில் கிட்டத்தட்ட 44 லட்சம் டாலருக்குப் போனது.

சரி, இனி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. 2013-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகைக்காரர்கள் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டங்களைப் பார்த்தார்கள். மூன்று மணி நேர ஆட்டத்தில் பந்தும் ஆளும் உருப்படியாக ஓடியாடிய நேரம் சுமார் 18 நிமிஷம். நம்ம வீட்டில் இட்லி வேகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். மிச்ச நேரம் முழுக்க பிட்சர் தொப்பியைக் கழற்றி மாட்டுகிறார். பேட்டர் கையுறைப் பட்டையை அவிழ்த்து அவிழ்த்து ஒட்டுகிறார். பெஞ்சில் இருக்கிறவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்புகிறார். இந்தத் துப்பலையும் தொப்பியையும் வைத்துக்கொண்டுதான் ஒரு தேசத்தையே டிவி முன்னால் கட்டிப்போட்டார்கள். எப்படி என்று எட்டிப் பார்க்கத்தான் நாம் வந்தது.

முதலில் இந்தப் பாடு பட்டவர் ரெட் பார்பர். 1939 ஆகஸ்ட் 26, நியூயார்க் புரூக்ளினில் எபெட்ஸ் ஃபீல்டு மைதானம், புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கும் சின்சினாட்டி ரெட்ஸுக்கும் ஆட்டம். மேஜர் லீக் ஆட்டம் டிவியில் வந்தது அன்றுதான் முதல் தடவை. மொத்தமே இரண்டு கேமரா. பார்பர் முன்னால் மானிட்டர் கிடையாது. எந்தப் படம் வீடுகளுக்குப் போகிறதென்று அவருக்கே தெரியாது! எந்த கேமராவில் விளக்கு எரிகிறது, அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் குத்துமதிப்பாக கமென்ட்ரி சொன்னார். விளம்பரமும் அவர் தலையில்தான். ஒரு தடவை சோப்புக் கட்டியைத் தூக்கிக் காட்டினார். ஒரு தடவை பெட்ரோல் பங்க் தொப்பியை மாட்டிக்கொண்டார். மூன்றாவதுதான் உச்சம்: கிண்ணத்தில் வீட்டீஸ் கோதுமை அவலைக் கொட்டி, வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டு, சர்க்கரை தூவி, பாலை ஊற்றி, கேமராவைப் பார்த்து நீட்டினார். சமையல் நிகழ்ச்சியும் விளையாட்டு ஒளிபரப்பும் ஒரே நாளில் பிறந்த கதை இது.

அதற்கும் முன்னால், ரேடியோ காலத்தில் நடந்தது இன்னும் பெரிய மோசடி. அயோவா மாநிலத்தில் டெ மொயின் ரேடியோ நிலையத்தில் ஓர் இளைஞர். சிகாகோ கப்ஸ் ஆட்டம் நடப்பது எங்கேயோ. அங்கிருந்து தந்தியில் சுருக்கமாக வரி வரும். இவர் மைக் முன்னால் உட்கார்ந்து, எல்லாம் கண்ணெதிரே நடக்கிற மாதிரி அளப்பார். ஒருநாள் பிட்சர் எறியப் போகிற நேரத்தில் தந்தி செத்துப்போனது. விடுவாரா? பேட்டர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே, ஃபவுல் என்றார். அடுத்ததும் ஃபவுல். அதற்கடுத்ததும் ஃபவுல். ஆறேழு நிமிஷம் அந்த அப்பாவி பேட்டர் கற்பனையில் ஃபவுலாகவே அடித்துக்கொண்டிருந்தார். இளைஞரின் பெயர் ரொனால்டு ரீகன். ஜனாதிபதி ஆன பிறகும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பேசியே நேரத்தை ஓட்டுகிறவருக்கு அரசியல் கைகொடுத்ததில் ஆச்சரியம் என்ன?

ஆனால் இந்த இடைவெளியை நிரப்ப ஆடி ஓய்ந்த ஆளைப் போல யாராலும் முடியாது. அதற்கு டிஸ்ஸி டீன் ஒருவர் போதும். 1934-ல் 30 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த சூரப்புலி பிட்சர். 1937 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஒரு பந்து நேரே வந்து கால்விரலை உடைத்தது. விரல் சரியாகும் முன்பே ஆட வந்தார். வலிக்காக எறிகிற பாணியை மாற்றப் போய்க் கையே போயிற்று. கால் கட்டைவிரலில் தொடங்கித் தோளில் முடிந்த வாழ்க்கை. அப்புறம் கமென்ட்ரிக்கு வந்தவர், இலக்கணத்தை முட்டியில் தட்டி உட்கார வைத்தார். ஓடிவந்து சறுக்கியவனைப் பற்றி அவர் சொன்ன இறந்தகால வினைச்சொல் எந்த அகராதியிலும் இல்லை. மிசௌரி மாநில ஆங்கில ஆசிரியர்கள் கூடிப் புகாரே எழுதினார்கள். ஜனங்களோ அந்தப் பேச்சுக்காகவே கேட்டார்கள்.

1947-ல் அவர் கமென்ட்ரி சொன்ன செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. இவரும் சும்மா இருக்காமல், இந்த பிட்சர்களில் பத்தில் ஒன்பது பேரைவிட நானே நன்றாக எறிவேன் என்று மைக்கிலேயே அலுத்துக்கொண்டார். பிட்சர்களின் மனைவிமார் கொதித்துப் போனார்களாம். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? சீசனின் கடைசி நாள், வாய்யா, வந்து எறி என்று மைதானத்தில் இறக்கிவிட்டது. ஆறு வருஷமாக மேஜர் லீக்கில் எறியாத மனிதர் நான்கு இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை! மட்டையைப் பிடித்து ஓர் அடியும் அடித்தார், ஓடும்போது தொடைத் தசை பிடித்துக்கொள்ள, நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். நேற்றைக்கு கமென்ட்ரி பெட்டியில் உட்கார்ந்து இந்தக்கால ஆட்டக்காரர்களை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். இவரையும் ஒருநாள் இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது.

இப்போது வெளியே வாங்க. ஸ்டேடியத்தின் பின்பக்கம் ஒளிபரப்புக்கான ஓ.பி. வேன் நிற்கிறது. உள்ளே குளிர், சுவர் முழுக்கத் திரைகள். டைரக்டர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருப்பார்: “நாலு ரெடி... நாலு போ! இரண்டு, அவன் முகம், அவன் முகம்!” கவனித்தீர்களா? பந்தை அவர் கேட்கவே இல்லை. முகம்தான் வேண்டுமாம். இந்த முகப் பைத்தியம் தொற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு எலி.

1975 அக்டோபர் 21, பாஸ்டனின் ஃபென்வே பார்க். மேஜர் லீக் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ரெட் சாக்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும். மழையால் மூன்று நாள் தள்ளிப்போன ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி 12-ஆவது இன்னிங்ஸில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மைதானத்தின் இடது ஓரத்தில் 37 அடி உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவர். ‘கிரீன் மான்ஸ்டர்’ என்பார்கள். அதன் வயிற்றில் ஸ்கோர் பலகை, பலகைக்குப் பின்னால் ஆள் நிற்க ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் என்.பி.சி. கேமராமேன் லூ ஜெரார்டு. வேனுக்குள் டைரக்டர் ஹாரி காயில்.

மட்டை பிடித்து நிற்பவர் ரெட் சாக்ஸ் கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க். வழக்கமான உத்தரவு என்ன? அடித்ததும் கேமரா பந்தோடு போகவேண்டும். ஜெரார்டு ஹெட்செட்டில், முடியாது சார், கால் பக்கத்தில் பூனை அளவுக்கு ஒரு எலி, என்னையே முறைத்துக்கொண்டு நிற்கிறது என்றாராம். அசைந்தால் கடிக்கும். சரி, ஃபிஸ்க் மேலேயே வைத்துத் தொலை என்று முடிவாயிற்று. அந்த நொடியில் அடி விழுந்தது.

பந்து வானத்தில் இடது கோட்டை ஒட்டியே போகிறது. கோட்டின் முடிவில் நிற்கும் கம்பத்துக்கு உள்ளே விழுந்தால் ஹோம் ரன், வெளியே போனால் வெறும் ஃபவுல். உலகத்தின் எல்லா கேமராவும் பந்தைத் தேட, எலிக்குப் பயந்த கேமரா மட்டும் மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோலியை உருட்டிவிட்டு உடம்பை ஒருபக்கமாக வளைப்பானே பையன், அப்படி அந்த ஆறடிக்கு மேற்பட்ட உருவம் பக்கவாட்டில் தத்தித் தத்திக் குதித்து, இரண்டு கையாலும் பந்தை ‘உள்ளே, உள்ளே’ என்று தள்ளுகிறது. காற்றில், எட்டாத தூரத்திலிருந்து! பந்து கம்பத்தில் பட்டது, அதுவும் ஹோம் ரன்தான். கையை வீசி எகிறினார். 7–6. மறுநாள் கடைசி ஆட்டத்தில் ரெட்ஸ் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது வேறு விஷயம். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அந்தக் கை வீச்சு நிலைத்துவிட்டது. கம்பத்துக்கே 2005-ல் ஃபிஸ்க் பெயரை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த ஆட்டமானாலும் அடித்தவன் முகத்துக்கென்று தனி கேமரா. எலிக்கதை முழுக்க நிஜமா, காயில் கொஞ்சம் மசாலா சேர்த்தாரா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. நான் எலிக் கட்சி.

கேமரா எல்லாமே இப்படி நல்ல பிள்ளையாக இருந்துவிடவில்லை. நடு மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் கேமரா, கேட்சர் தொடைக்கு நடுவில் விரலை மடக்கி பிட்சருக்குக் கொடுக்கும் சைகையை அப்படியே பார்க்கும். டிவி பார்க்கிற நமக்கு அது தனிச் சுகம். 2017-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, அந்தக் கோணத்துப் படத்தை டக்அவுட் பக்கத்தில் ஒரு திரையில் வாங்கி, சைகையைப் படித்து, வரப்போவது வேகப் பந்து இல்லை என்றால் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் பேட்டருக்குத் தெரியப்படுத்தியது! எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பம், எவ்வளவு எளிய மேளம்! 2019-ல் குட்டு வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் 50 லட்சம் டாலர் அபராதம். மேனேஜரும் பொது மேலாளரும் ஓராண்டு தடைக்கு ஆளாகி, அன்றைக்கே வேலையும் இழந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு ஒரு தண்டனையும் இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. 2022-லிருந்து கேட்சர் விரலைக் காட்டாமல் பட்டனை அமுக்கலாம், பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். பத்திரம்தான். ஆனால் அந்த விரல் ஜாடையில் இருந்த திருட்டுச் சுவை போயே போச்சு.

குரல் என்றதும் ஞாபகம். 2022 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பிட்சர் அலெக் மனோவா காதில் இயர்போன் மாட்டி, கமென்ட்ரி பெட்டியோடு அரட்டை அடித்துக்கொண்டே எறிந்து மூன்று பேரை அவுட்டாக்கினார். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே போன் பேசினால் நமக்கு ஃபைன் போடுகிறார்கள்.

டக்அவுட்டுக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள். தரையெல்லாம் விதைத்தோல், ஜாக்கிரதை. சுவரில் ஒரு பழைய போன் தொங்குகிறதா? தூரத்தில் மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்கு அதுதான் தொடர்பு. 2011 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேனேஜர் டோனி லா ரூஸா ‘மாட்டை ரெடி பண்ணு’ என்று இந்த போனில்தான் கத்தினார். டெக்சஸ் ரசிகர் கூச்சலில் அந்தப் பக்கம் காதில் விழவே இல்லை. மறுபடி கத்தினார். ‘லின்’ என்று கேட்டது. ஜேசன் மாட் வருவார் என்று பார்த்தால் அன்றைக்கு ஓய்வில் இருக்கவேண்டிய லான்ஸ் லின் ஓடிவந்து நிற்கிறார்! ஆட்டம் போச்சு. (கோப்பை கடைசியில் இவர்களுக்கே வந்தது, இல்லையென்றால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியுமா?)

காத்திருக்கிற மனிதனுக்கு மூட நம்பிக்கை முளைக்காமல் இருக்குமா? வேட் பாக்ஸ் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் கோழி சாப்பிட்டாக வேண்டும். 3,010 ஹிட் அடித்தார். கோழிச் சமையல் புத்தகமும் போட்டார். ஜேசன் ஜியாம்பிக்கு அடி விழாத நாட்களில் தங்க நிற ஜட்டி. அதைச் சக ஆட்டக்காரர்களுக்கும் கடன் கொடுத்தார் என்பதோடு இந்தத் தகவலை நிறுத்திக்கொள்வோம்.

இந்த பெஞ்சுக்கு வந்து சேர்வதே பெரிய பாடு. மேஜர் லீக்கில் 30 அணி, அணிக்கு 26 பேர். கீழே மைனர் லீக் படிக்கட்டு: ராத்திரி பஸ், ஊர் பேர் தெரியாத மைதானம். 2023 கணக்கில், கடைசிப் படியான டிரிபிள்-ஏயில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். ஒரே ஒரு படி ஏறி மேஜர் லீக்கில் காலை வைத்தால் 7,20,000. இருபது மடங்கு! கொஞ்ச நாள் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரை, ஒரு கப் காபி குடிக்க வந்தவர் என்பார்கள் அங்கே.

ஆடம் கிரீன்பெர்க்குக்கு அந்தக் காபியும் வாய்க்கு வரும்முன் சிந்தியது. 2005 ஜூலை 9, சிகாகோ கப்ஸுக்காக முதல் தடவை மட்டை பிடிக்கிறார். முதல் பந்தே பின்மண்டையில். தலைசுற்றல், தலைவலி, பிறகு வாய்ப்பே இல்லை. ஏழு வருஷம் கழித்து, 2012 அக்டோபர் 2 அன்று, மயாமி மார்லின்ஸ் அவரை ஒருநாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டு ஒரு தடவை ஆட விட்டது. எதிரே ஆர்.ஏ. டிக்கி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அந்த வருஷம் வாங்கியவர். பந்து குடிகாரனாட்டம் தள்ளாடி வரும் நக்கிள்பால் மன்னர். ஸ்டேடியமே எழுந்து நின்றது. மூன்று பந்து, மூன்றும் ஸ்ட்ரைக், அவுட். திரும்பி வந்தவரை டக்அவுட்டில் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார்கள். முகத்துக்கு ஒரு கேமரா வைத்த எலிக்கு அன்றைக்குத்தான் மனசார நன்றி சொன்னேன்.

இந்தப் படிக்கட்டில் நம்ம ஆட்களும் ஏறியிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிவீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல். 2008-ல் ஒரு டிவி போட்டியில் பந்து எறிந்து ஜெயித்து, அதே வருஷம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம். போட்டிக்கு முன்னால் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்ததில்லை! மேஜர் லீக் வரை போகவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார். 2014-ல் ஹாலிவுட்டில் இவர்கள் கதையை ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படமாகவே எடுத்தார்கள். இசை, நம் ஏ.ஆர். ரஹ்மான்.

2023-ல் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பிட்சர் எறியத் தொடங்கவேண்டும். ஒரே வருஷத்தில் சராசரி ஆட்டம் 24 நிமிஷம் குறைந்து 2 மணி 40 நிமிஷம் ஆயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த 24 நிமிஷத்தில் யார் என்ன கதை சொல்லியிருப்பார்கள் என்று ஏக்கம். குறிப்பாக பாப் யூக்கர்.

யூக்கர் மாற்று கேட்சர். ஆறு சீசன், சராசரி .200, ஹோம் ரன் 14. பெஞ்சைத் தேய்த்ததுதான் முழுநேர வேலை. 1964 உலகத் தொடரில் ஆட்டத்துக்கு முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெரிய டியூபாவைத் தூக்கி, பறந்து வந்த பந்துகளை அதன் வாய்க்குள் பிடித்தார். அந்த 14 ஹோம் ரன்னில் ஒன்று, மாபெரும் பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ் பந்தில் அடித்தது. அந்த அவமானத்தால் பாவம், கூஃபாக்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன் என்பார். நக்கிள்பாலைப் பிடிப்பது எப்படி என்றால், உருண்டு நிற்கும்வரை காத்திருந்து குனிந்து எடுத்துக்கொள்வது என்பார். 1967-ல் லீக்கிலேயே அதிகப் பந்துகளைக் கோட்டை விட்ட கேட்சர் அவர்தான், அதனால் நம்பலாம். ஜானி கார்சன் அவரை டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். 1971-ல் மில்வாக்கி புரூவர்ஸ் மைக்கைப் பிடித்தவர், 2024 சீசன்வரை விடவில்லை. 2025 ஜனவரியில் 90 வயதில் மறைந்தார்.

பீர் விளம்பரம் ஒன்றில், நமக்கு முன்வரிசைதான் தருவார்கள் என்று பீற்றிக்கொண்டு போவார். உள்ளே போனால் கடைசி வரிசையில் தள்ளியிருப்பார்கள். மில்வாக்கி ஸ்டேடியத்தில் அதை மறக்கவில்லை. உச்சாணி மாடத்தின் கடைசி வரிசையில், தூண் மறைக்கும் ஓர் இடத்தில் யூக்கர் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். சுற்றியிருக்கும் மலிவு சீட்டுகள் அவர் பெயரில்தான், 1 டாலருக்கு விற்றார்கள். சிலைக்குப் பக்கத்து நாற்காலியைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். ஏறிப் போய் உட்கார்ந்தால் ஆட்டத்தைத் தூண் மறைக்கும். என்ன நடக்கிறதென்று பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் கேட்கவேண்டும்.